ஸ்காட்லாந்தின் சிறு கோல்ஃப் மைதானங்களில் தேடிப்போய் ஆட வேண்டிய சில ஹோல்கள்

ஏற்றுமதி வேலையாக லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போய்வரும் கோவை, திருப்பூர்க்காரர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள், நாலு நாள் ஓய்வு கிடைத்தால் நேரே ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். அங்கே ஓல்ட் கோர்ஸில் ஆடுவதற்குப் பெரும்பாலும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. பெயர் வந்தாலும் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். அந்த மைதானத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஹோல் (முதல் அடியிலிருந்து குழி வரையிலான ஆட்டப் பகுதி) பல வருடம் கழித்தும் மனத்தை விட்டு அகலாமல் இருக்கப் பெரிய பெயரோ, நீளமோ, சாம்பியன்ஷிப் வரலாறோ தேவையில்லை என்பதற்கு அதே நாட்டின் மேற்குக் கரையிலும் வடக்கு மூலையிலும் எத்தனையோ சான்றுகள் இருக்கின்றன. டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் திட்டில், நிற்கும்போதே ஆடுகிறவரை ஒரு முடிவெடுக்கக் கட்டாயப்படுத்துகிற ஹோலே நல்ல ஹோல் என்பது என் கட்சி. அந்த அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணல் நிலம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் போன்றது: உழவுக்கு உதவாது, மேய்ச்சலுக்கு மட்டும் ஆகும், அதில் வளரும் புல் எந்தக் கொடுமையையும் தாங்கும். ஆடும் முயலும் கடித்துக் கடித்தே அந்தப் புல் கட்டையாகிறது. ஜேசிபி இல்லாத காலத்தில் அந்த நிலத்தில் ஹோல் அமைத்தவர்கள் மேட்டை வெட்டவும் இல்லை, பள்ளத்தைத் தூர்க்கவும் இல்லை. இருந்த மேடு பள்ளங்களுக்கு நடுவே எங்கே டீ, எங்கே கிரீன் (குழி இருக்கும் கட்டைப் புல்தளம்) என்று குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு மைதானத்தின் ஹோல் இன்னொரு மைதானத்தின் ஹோலைப் போல இருப்பதில்லை.

கின்டயர் தீபகற்பத்தின் தென்கோடியில், கேம்பல்டவுனுக்குச் சில மைல் தள்ளி, மக்ரிஹானிஷ் இருக்கிறது. 1876ஆம் ஆண்டு தொடங்கிய கிளப். 1879இல், அக்காலத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரரும் மைதானம் அமைப்பவருமான ஓல்ட் டாம் மோரிஸ் வந்து அதை 18 ஹோல்களாக்கினார். அதன் முதல் ஹோலுக்கு 'பேட்டரி' என்று பெயர். டீயை ஒட்டியே அட்லாண்டிக் கடல்; கரை இடப்பக்கமாக வளைந்து போகிறது; ஃபேர்வே (கிரீன் வரை போகும் புல்வெளிப் பாதை) அந்த வளைவுக்கு அப்பால் கிடக்கிறது. எனவே முதல் அடியே கடற்கரையின் மேல் பறந்தாக வேண்டும். எவ்வளவு தூரம் பறக்க வேண்டும் என்பதை ஆடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். வலப்பக்கமாகப் பத்திரமாக அடித்தால் கடலுக்கு வேலையில்லை, ஆனால் இரண்டாவது அடிக்குக் கிரீன் வெகுதூரத்தில் நிற்கும். இடப்பக்கம் கடலைக் கூடுதலாகக் கடக்கத் துணிந்தால் இரண்டாவது அடி எளிதாகிவிடும். இந்தக் கணக்கை, கை கால் சூடேறுவதற்கு முன்பே, அன்றைய முதல் பந்தை வைத்துக்கொண்டு போட வேண்டியிருப்பதுதான் இந்த ஹோலின் சூட்சுமம். உடன் வந்த திருப்பூர் நண்பர் பந்தை வைக்கும் ஆணியைக் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்ண்ணா, பந்து அங்க போனாப் போனதுதானுங்களா?" என்று கேட்டார். அப்படிப் போய்விடாது, கடற்கரை மணலும் ஆட்டத்துக்குள் அடக்கம், பந்து கிடக்கும் இடத்திலிருந்து அப்படியே அடிக்கலாம். அலை எட்டாத இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

மற்றபடி மக்ரிஹானிஷின் முன்பாதி மணல்மேடுகளுக்குள் ஏறி இறங்கி ஓடுகிறது. கிரீன்கள் அலையலையாக நெளிகின்றன. பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) பிடிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அங்கே பாடம் காத்திருக்கிறது. கடைசி இரண்டு ஹோல்கள் தட்டையான நிலத்தில் சப்பென்று முடிவதை மட்டும் ஒரு குறையாகச் சொல்ல வேண்டும்.

கின்டயருக்கு எதிரே கடலில் நிற்கும் தீவு ஆரன். பிராடிக் துறையில் படகிலிருந்து இறங்கி, மலையைக் கடந்து மறுகரைக்குப் போனால் பிளாக்வாட்டர்ஃபுட் என்ற சிற்றூர். அங்குள்ள ஷிஸ்கின் மைதானத்தில் மொத்தமே 12 ஹோல்கள். ஒரு காலத்தில் 18 ஆக விரிந்து, முதல் உலகப் போரையொட்டி மலைமேல் இருந்த ஆறு கைவிடப்பட்டதால் இப்படி நின்றுவிட்டது. இதைக் குறையுள்ள மைதானம் என்று நினைப்பவர்கள், 1860இல் முதல் ஓப்பன் போட்டி (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் சாம்பியன்ஷிப்) நடந்த பிரெஸ்ட்விக்கிலும் அப்போது 12 ஹோல்களே இருந்தன, அதை மூன்று சுற்று ஆடித்தான் வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 18 என்பது செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764இல் ஏற்பட்ட ஒரு மாற்றம்; பிற்காலத்தில் அது ஊருக்கெல்லாம் வழக்கமானது. வானத்திலிருந்து வந்த சட்டம் ஒன்றுமில்லை.

ஷிஸ்கினில் மூன்றாவது ஹோல் 'குரோஸ் நெஸ்ட்'. பார் 3, அதாவது மூன்று அடிகளில் முடிக்க வேண்டியது; தூரம் சுமார் 130 கஜம்தான். ஆனால் டீயில் நின்றால் கிரீன் தெரியாது. ட்ரமடூன் என்ற பாறைக்குன்றின் அடியில், மேலே ஒரு திட்டில் அது ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டுவதெல்லாம் கற்களும் மண்டிக்கிடக்கும் காட்டுப்பெரணியும் நிறைந்த சரிவு மட்டுமே. எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையா, ஒன்பதா என்று யோசிக்கிற தூரத்தில், குறைத்து அடித்தால் பந்து சரிவில் உருண்டு காலடிக்கே திரும்பிவிடும். மேலே ஏறி முடித்த பிறகு திரும்பிப் பார்த்தால் கில்பிரானன் நீரிணைக்கு அப்பால் கின்டயர் நீளமாகப் படுத்திருக்கும். ஏழாவது ஹோலுக்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர்; அதுவும் மேட்டுக்குப் பின்னால் மறைந்த பார் 3தான். வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஹோல் நன்றாகவே இருக்கிறது. 12இல் ஏழு ஹோல்கள் பார் 3; மொத்தப் பார் 42. காலையில் ஒரு சுற்றும் மாலையில் ஒரு சுற்றும் அலுப்பில்லாமல் ஆடலாம்.

இப்படிக் கிரீனே தெரியாத ஹோல்களை நம்மவர்களில் பலர் விரும்புவதில்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவது ஆட்டமா என்பது அவர்கள் கேள்வி. நம்மூரில் கேடி, அதாவது பையைச் சுமந்து வருபவர், முன்னால் போய் நின்று பந்து விழுந்த இடத்தைக் கைகாட்டிவிடுவார். இந்தச் சிறு மைதானங்களில் கேடி கிடைப்பது அரிது, பையை நாம்தான் சுமக்க வேண்டும், முன்னால் இருப்பவர்கள் நகர்ந்தார்களா என்பதை மணியோ கொடியோ சொன்னால் உண்டு. ஆனாலும் ஒரு ஹோலை ஒருமுறை ஆடிவிட்டால் மறுமுறை அது மறைந்த ஹோல் ஆகாது. கண்ணால் காணாத இலக்கை மனத்தில் வைத்து அடிப்பதும் ஒரு திறமைதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று நினைக்க வைத்த இடம் அபர்தீனுக்கு வடக்கே இருக்கும் க்ரூடன் பே. அங்கே 14ஆவது ஹோலில் இரண்டாவது அடியை ஒரு குழிவுக்குள் ஒளிந்திருக்கும் கிரீனை நோக்கி அடிக்க வேண்டும். உடனே 15ஆவது ஹோலில், நீளமான பார் 3 ஒன்றில், மறுபடியும் எதுவும் தெரியாமல் அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்திருந்தால் ரசித்திருப்பேன். மைதானம் மொத்தமாகப் பார்த்தால் அபாரம். 1899இல் ரயில்வே கம்பெனி தன் ஹோட்டல் விருந்தினர்களுக்காகத் திறந்தது, ஹோட்டல் போய்விட்டது, மைதானம் நிற்கிறது. இப்போது ஓரளவு பேர் வாங்கிவிட்டதால் இந்தப் பட்டியலில் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சவுத் யூயிஸ்ட் தீவின் அஸ்கர்னிஷ் வேறு விதம். 1891இல், தம் எழுபதாவது வயதில், ஓல்ட் டாம் மோரிஸ் அங்கே போய் ஒரு மைதானம் அமைத்தார். பிறகு அது பயனின்றிப் போய், மணல்மேடுகள் பழையபடி மேய்ச்சல் நிலமாகின. பக்கத்தில் சமதரையில் சில ஹோல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. 2005இல் புல்தரைப் பராமரிப்பு நிபுணரான கோர்டன் இர்வின் அங்கே போய், மணல்மேடுகளுக்குள் பழைய மைதானத்தின் தடம் இருப்பதை உணர்ந்து சொல்ல, ஊர்க்காரர்களும் வெளியூர் ஆர்வலர்களும் சேர்ந்து மீட்டு 2008இல் மறுபடி திறந்தார்கள். பழைய வரைபடம் எதுவும் கைக்குக் கிடைக்காததால், இவை மோரிஸ் குறித்த அதே ஹோல்கள்தானா என்று கேட்பவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அந்த வழக்கு தேவையற்றது. நிலம் எங்கே கிரீன் வைக்கச் சொல்கிறதோ அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஆறு ஹோல்கள் வரை சாதாரணமாகப் போகிறது. ஏழாவது ஹோலான 'கேபினட் மினிஸ்டர்' டீக்கு ஏறியதும் காட்சியே மாறிவிடுகிறது. காலுக்குக் கீழே ஃபேர்வே மேடுகளுக்கிடையே புகுந்து போகிறது, கடல் பக்கத்திலேயே இரைகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 16ஆவது ஹோல், 'ஓல்ட் டாம்ஸ் புல்பிட்'. ஒரு மணல்மேட்டின் உச்சந்தலையில் கிரீன். கொஞ்சம் நீண்டுவிட்டால் பந்து பின்புறப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், குறைந்தால் மேடே திருப்பி அனுப்பிவிடும். இங்கே கொடியைக் குறிவைக்காமல், எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ரசாயனம் தெளிக்காமல் பராமரிக்கப்படும் இந்தப் புல்லில் ஊட்டியின் பச்சையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். குளிர்காலத்தில் மாடும் ஆடும் மேய்கின்றன. முயல் வளைகள் நிறைய. தரை அங்கங்கே கரடுமுரடு. பிலியர்ட்ஸ் மேசை போன்ற கிரீன்தான் வேண்டும் என்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

மேய்ச்சல் என்றதும் பிரோரா நினைவுக்கு வருகிறது. இன்வர்னஸிலிருந்து ரயிலிலேயே போய்ச் சேரலாம். 1901 முதல் 1910 வரை ஐந்து முறை ஓப்பன் வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் 1920களில் வடிவமைத்த மைதானம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் அமைந்ததால் ஆடுமாடுகள் ஃபேர்வேயில் திரிவதும், அவை கிரீனை மிதிக்காதபடி சுற்றிலும் மின்வேலி கட்டுவதும் அங்கே நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். பன்றிக்கும் யானைக்கும் மின்வேலி போட்டுப் பழகிய நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பட்டரை எடுக்கத் தயங்க மாட்டார்கள். மைதானம் கடலோரமாகப் போய் அதே வழியில் திரும்புவதால் போகும்போது காற்று முதுகைத் தள்ளினால் வரும்போது முகத்தில் அறையும். முடிவு ஹோல் ஒரு பார் 3 என்பதே அரிது. அதிலும் 200 கஜம் தூரமுள்ள பார் 3, கிளப் ஹவுஸ் ஜன்னல்களுக்கு நேர் கீழே. உள்ளே தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் நம் கடைசி அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூச்சமும் ஹோலின் ஒரு பகுதிதான்.

செயின்ட் ஆண்ட்ரூஸை விட்டு நகர முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஆன்ஸ்ட்ரதர் இருக்கிறது. ஒன்பதே ஹோல், ஐந்தாவது 'ராக்கீஸ்', பாறைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே இடுங்கிய கிரீன். பிரிட்டனின் மிகக் கடினமான பார் 3களில் ஒன்று என்று பேர் வாங்கியது. அதற்காகவே ஒரு மாலையைச் செலவிடலாம். வடமேற்கு மூலையில், ஊர்க்காரர்கள் கூடி உருவாக்கி 1988இல் திறந்த டர்னஸிலும் ஒன்பது ஹோல்தான். கடைசி ஹோலில் டீக்கும் கிரீனுக்கும் நடுவே பாறை இடுக்கில் கடல்நீர் புகுந்து கிடக்கிறது. மக்ரிஹானிஷில் எவ்வளவு கடலைக் கடப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். இங்கே அந்தச் சலுகை இல்லை, முழுவதையும் கடக்க வேண்டும். தூரம் குறைவு என்பதால் நியாயமான சோதனைதான்.

காற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றில் செட்டிபாளையத்தில் ஆடியவர்களுக்குப் பந்தைத் தாழ்வாக அடிக்கத் தெரிந்திருக்கும். குளிரும் சாரலும்தான் புதிது; மழைக்கோட்டு நல்லதாக இருக்க வேண்டும். கிளாஸ்கோவில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த மட்டை செட்டில் சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தை எடுக்கும் மட்டை) இல்லாமல் போனதால், வெளியே கிளம்புவதற்குள் பையை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. மிகச் சிறிய கிளப்புகளில் ஆளே இல்லாத நேரங்களில் வாசலில் ஒரு உண்டியல் இருக்கும். உறையில் பெயரெழுதிப் பணத்தைப் போட்டுவிட்டு ஆட வேண்டியதுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு சூப் என்ற பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. பன்றியிறைச்சி எலும்போடு கொதிக்கவைப்பது அங்கே பழைய வழக்கம், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். ஜூனில் வடக்கே இரவு பத்து மணிக்கும் பந்து தெரியும். நாலு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஆரனும் கின்டயரும் போதும்: ஷிஸ்கினில் ஆடிவிட்டு, கோடைக்காலத்தில் தீவின் வடமுனையான லோக்ரான்சாவிலிருந்து கார்ப் படகில் கிளானெய்க் போய், அங்கிருந்து தெற்கே இறங்கினால் மக்ரிஹானிஷ். பிரோராவையும் டர்னஸையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் லேர்கைத் தாண்டினால் பெரும்பகுதி ஒற்றைத்தடச் சாலை, வேகமாகப் போக முடியாது. அஸ்கர்னிஷை மட்டும் வேறெதோடும் சேர்க்க வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும் என்பதால் அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கினால்தான் சரிப்படும்.