மூன்று கத்தி, மூன்று வருடம்

என் மேசை இழுப்பறையில் மூன்று மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. மூன்றும் நானே செய்தவை. முதலாவது திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரண்டாவது வைத்த இடத்தில் நிற்காது, தொளதொளவென்று ஆடும். மூன்றாவது மட்டும்தான் கத்தி. அதை மூன்று வருடமாக அனேகமாகத் தினமும் எடுக்கிறேன்: பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க, பென்சில் சீவ. செய்து முடித்த அன்று எழுதியிருந்தால் பிளேடின் வடிவத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது அதைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிகூட இல்லை. பிளேடு 75 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன், முனை லேசாகத் தாழ்ந்தது. அவ்வளவுதான்.

எழுத வேண்டியதெல்லாம் அச்சாணியைச் சுற்றி, கட்டைவிரல் நகம் அளவு இடத்துக்குள் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது பழைய பேனாக்கத்தி முறை. பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் ஒரு பட்டை ஸ்பிரிங், பிளேடின் அடிக்கட்டையை, அதாவது அச்சாணி கோத்த அடிப்பாகத்தை, அழுத்திக்கொண்டே இருக்கும். அடிக்கட்டை சதுரமாக இருப்பதால் மூடிய நிலை, பாதி திறந்த நிலை, முழுக்கத் திறந்த நிலை என்று மூன்று இடத்தில் பிளேடு ‘டக்’கென்று உட்காரும். பிடிக்குள் இருக்கும் தகடு பிளேடைப் பூட்டுமே, அந்த லைனர் லாக் செய்யலாமே என்று கேட்பீர்கள். அதில் பூட்டுத் தகடு பிளேடைத் தொடும் சரிவு ஒரு டிகிரி பிசகினாலும் ஒன்று வழுக்கிவிடும், இல்லையென்றால் இறுகிக்கொள்ளும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம் என்று விட்டேன்.

மாதிரியை அட்டையில் தொடங்கினேன். இரண்டு அட்டைத் துண்டு, நடுவில் ஒரு குண்டூசி. மூடினால் முனை பிடிக்கு வெளியே நீட்டுகிறதா, திறந்தால் அடிக்கட்டை ஸ்பிரிங்கில் முட்டுகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதினோரு அட்டை வெட்டினேன். அப்புறம் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் ஒன்று. உள்ளே நடப்பது கண்ணாடி வழியாகத் தெரிவதுபோலத் தெரியும். ஆனால் ஸ்பிரிங் எவ்வளவு இழுக்கும் என்பதை அட்டையும் சொல்லாது, அக்ரிலிக்கும் சொல்லாது. அதற்கு இரும்பு வேண்டும்.

முதல் கத்தியில் அங்கேதான் மாட்டினேன். அச்சாணியின் மையத்திலிருந்து சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 5 மி.மீ. வைத்திருந்தேன். பக்கம் 5 என்றால் மூலைக்கு 7.07. ஒவ்வொரு முறை மூலை கடக்கும்போதும் ஸ்பிரிங் 2 மி.மீ.க்கு மேல் தூக்கப்பட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்குதான், காகிதத்தில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் உடைந்தது, கத்தி அசையவில்லை. அடுத்ததில் மூலைகளை அரத்தால் ராவி உருட்டினேன். ஸ்பிரிங் தூக்கப்படும் அளவு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்தது, கையும் பிழைத்தது.

இரண்டாவது கத்தி நன்றாகத்தான் இருந்தது, மூன்று வாரம். ஒரு மாலை மூடும்போது சிறிய சத்தம், குச்சி ஒடிவதுபோல. ஸ்பிரிங்கின் நடு ஆணித் துளைக்கு நேரே இரண்டாக விட்டுப் போயிருந்தது. காரணம் என் சோம்பல். பிளேடும் ஸ்பிரிங்கும் ஒரே ஓ1 எஃகு, கருவிகள் செய்யும் எஃகு வகை. இரண்டையும் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோய், எண்ணெயில் முக்கினேன். அதுவரை சரி. பிறகு பதம் போடும்போதும், அதாவது மறுபடி லேசாகச் சூடாக்கும்போதும், இரண்டையும் ஒன்றாக 200 டிகிரியிலேயே வைத்துவிட்டேன். பிளேடுக்கு அது சரியான சூடு, வைக்கோல் நிறம் வரும். ஸ்பிரிங்குக்குப் போதாது; நீல நிறம் ஏறும்வரை, 300 டிகிரிக்கு மேலே போக வேண்டும். கடினம் கொஞ்சம் குறைந்தால்தான் வளைந்து கொடுக்கும். மூன்றாவதில் அப்படிச் செய்தேன். அந்த ஸ்பிரிங் இன்றுவரை அதே ஸ்பிரிங்.

சரி, மூன்றாவதன் கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு மாதத்தில் ஒரு விசித்திரம். எவ்வளவு தீட்டினாலும் பிளேடின் நடுவில் ஒரே இடம் மட்டும் வாரத்துக்குள் மழுங்கியது. சாணைக்கல்லைக் குறை சொன்னேன், என் கையைக் குறை சொன்னேன். ஒரு நாள் டார்ச் அடித்துப் பிடிக்குள் பார்த்தபோது ஸ்பிரிங்கின் உள்பக்கத்தில் பளபளவென்று மயிரிழைக் கோடு. மூடும்போது ஸ்பிரிங் பிளேடை உள்ளே சுண்டி இழுக்கிறது, கூர் போய் அதன் மேலேயே அடிக்கிறது! இதைத் தடுக்கத்தான் அடிக்கட்டையில் கூருக்குக் கீழே ஒரு சிறு புடைப்பு விடுவார்கள். நானும் விட்டிருந்தேன், ஆனால் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ராவித் தள்ளியிருந்தேன். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா? கடைசியில் கூர் விளிம்பையே அரை மில்லிமீட்டர் தேய்த்துக் குறைத்தேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்றரை வருடத்தில் பக்கவாட்டு ஆட்டம் வந்தது. நல்லவேளையாக ரிவெட் அடிக்காமல் திருகு போட்டிருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அச்சாணியின் நடுவில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம். மென்மையான இரும்பு ஆணி அது. பிளேடின் துளைக்குள்ளோ உலையில் படிந்த செதில் அப்படியே சொரசொரவென்று இருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே ஓர் அரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் துளையைப் பளபளப்பாக்கி, கடினமாக்கிய புது ஆணி போட்டேன். இதற்கு அரை மணி நேரம் ஆனது. செய்த அன்றே செய்திருக்கலாம்.

திருகுக்கு ஒரு குறை உண்டு: தானாகத் தளரும். இறுக்கிப் பிடிக்கும் பசையை ஒரு சொட்டு விட்டால் நிற்கும். இரண்டு சொட்டு விட்டால் அச்சாணிக்குள் ஊறி பிளேடும் நின்றுவிடும். அதையும் பார்த்தாகிவிட்டது.

துரு பற்றிக் கேட்பார்கள். ஓ1-இல் குரோமியம் அரை சதவீதம்தான், துருப்பிடிக்காத எஃகுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டும். எலுமிச்சை நறுக்கிய மறுநாளே பிளேடு சாம்பல் நீலமாக மாறிவிட்டது. அந்தப் படலம் கெடுதல் இல்லை, எனக்குப் பிடித்தும் போனது. வெளியே தெரியும் பிளேடைத் துடைத்துவிடலாம். துணி எட்டாத ஸ்பிரிங்கின் உள்பக்கம்தான் ஆபத்து, செம்பொடி முதலில் அங்கேதான் வந்தது. இப்போது பழம் நறுக்கினால் கழுவி, ஊதி உலர்த்தி, ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுத்தான் மூடுகிறேன்.

பூட்டு இல்லாததால் பயம் இல்லையா? ஒரே ஒரு முறை. தடித்த அட்டைப் பெட்டியில் துளை போட முனையை வைத்து அழுத்தினேன். பிளேடு பின்னால் மடங்கியது. நடு நிலையில் ‘டக்’கென்று நின்றது, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நடு நிறுத்தத்தை ஏதோ அலங்காரம் என்றுதான் வைத்திருந்தேன். பிரான்சின் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த மடக்குக் கத்திக்கும் பூட்டு இல்லை. பிளேடைப் பூட்ட கழுத்தில் திருகும் வளையம் அதில் 1955-இல்தான் சேர்ந்தது. இப்போது குத்தும் வேலை வந்தால் ஊசியைத் தேடுகிறேன்.

நான்காவதற்கு அட்டை வெட்டியாகிவிட்டது. பிளேடு 65 மி.மீ. போதும், 75-இல் கடைசிப் பத்து மி.மீ.யை நான் அனேகமாகத் தொட்டதே இல்லை. புடைப்பை இந்த முறை தேவைக்கு மேலே உயரமாக விட்டிருக்கிறேன், கடைசியில் ராவிக்கொள்ளலாம்.