மெய்நிகர் உலகில் மூன்றரை வருட வகுப்பறை: வேதியியலுக்கு ஒரு புள்ளி குறைவு

நேற்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து, என் மெய்நிகர் வகுப்பறையின் வினாடி வினா பலகையைச் சரிசெய்தேன். காலையில் எழுந்து பார்த்தால் நண்பர் ஒருவரின் செய்தி வந்து கிடக்கிறது: "நீங்க வச்சிருக்கிற மாதிரி நானும் ஒரு வகுப்பறை கட்டலாமா? இயற்பியலுக்கு?" இன்னும் நாலு நாள் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். இப்போது கேட்டதால் இது.

செகண்ட் லைஃப் (ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு உலவும் இணைய முப்பரிமாண உலகம்), ஓப்பன்சிம் (அதே பாணியில் உலகம் அமைக்கும் திறந்த மென்பொருள்) என்ற பெயர்களெல்லாம் அவருக்குத் தெரியும். நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக வருவது, அதில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்துக் கனசதுரத்தையும் உருளையையும் நீட்டி வளைத்துச் சுவராக்குவது, எல்எஸ்எல் என்ற மொழியில் நாலு வரி எழுதிக் கதவைத் திறக்க வைப்பது எல்லாம் தெரியும். அதனால் அதற்குள் போகவில்லை. என் நிலம் எந்த உலகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லப்போவதில்லை. அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, அவ்வளவு போதும்.

நான் சொல்ல வந்தது 24 பைட்டைப் பற்றி. பைட்டு என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்துக்கான அளவு.

பலகையைத் தொட்டால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் பொத்தான்கள் இருக்கும். எல்எஸ்எல் மொழியில் இதற்கு டயலாக் என்று ஒரு கட்டளை. மொத்தம் 12 பொத்தான்கள் வரை வைக்கலாம். ஒவ்வொரு பொத்தானின் பெயரும் 24 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இது தாராளம், ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டுதான். தமிழுக்கு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. ஆக, எட்டுக் குறி. எட்டு எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். 'யி' என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு யகரம் ஒன்று, இகர மேல்விலங்கு ஒன்று என இரண்டு. 'ல்' என்றால் லகரமும் புள்ளியும்.

இதன் விளைவைப் பாருங்கள். உயிரியல், வேதியியல் இரண்டும் பள்ளிக்கூடக் கணக்கில் ஐந்தெழுத்துச் சொற்கள். உயிரியலை எண்ணினால் எட்டுக் குறி, 24 பைட்டு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. வேதியியல் 'வே' என்று உயிர்மெய்யில் தொடங்குவதால் ஒன்பது, அதாவது 27. உள்ளே வராது. இயற்பியலும் 27. புவியியலும் 27. கணிதம் 18, கவலையே இல்லை. அதிகமானால் சொல்லை வெட்டிக் காட்டும் என்று முதலில் நினைத்தேன். அதுவும் இல்லை. ஒரு பொத்தான் நீண்டால் பெட்டியே திறக்காது, பிழைச் செய்திதான் வரும்.

முதல் வருடம் நானே வெட்டிப் பார்த்தேன். வேதியியல் என்பதில் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டால் எட்டுக் குறி ஆகிவிடுகிறதே! 'வேதியியல' என்று போட்டேன். வகுப்பு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு பையன் தட்டச்சு செய்தான்: "சார், வேதியியலுக்கு ஒரு புள்ளி குறையுது." அன்று வகுப்பு முடியும் வரை, தப்பான விடை சொன்னவர்கள் எல்லோரும் "புள்ளிய பொத்தான்ல தேடுங்க சார்" என்று ஒரே கலாட்டா. சிரித்தேன்தான். ஆனாலும் எழுத்துப் பிழையோடு பலகை வைத்திருக்கும் வாத்தியார் என்பது கொஞ்சம் உறுத்தியது.

அடுத்து எண்களுக்குப் போனேன். பொத்தானில் 1, 2, 3 மட்டும். எந்த எண் எந்தப் பாடம் என்பதைப் பெட்டியின் மேல்பகுதியில் எழுதிவிட்டேன். அந்தப் பகுதிக்கு 512 பைட்டு உண்டு, தமிழில் 170 குறி. சுருக்கமாக எழுதினால் போதும். ஆனால் இந்தப் பொத்தான்கள் கீழ் வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி மேலே ஏறும். 1, 2, 3 அடியில், 10, 11, 12 உச்சியில். மேலிருந்து கீழே படித்துப் பழகிய பிள்ளைகள் முதல் பாடம் என்று நினைத்துப் பத்தாம் எண்ணை அழுத்தினார்கள். வரிசைகளைத் தலைகீழாக்கித் தர ஒரு சின்ன நிரல் எழுத வேண்டியிருந்தது. இந்த மொழியில் எழுதுகிற எல்லோரும் அந்த நிரலை என்றாவது ஒருநாள் எழுதியே தீருகிறார்கள். அப்படியிருந்தும் அந்த வரிசை மாறவில்லை.

கடைசியில் படம். பாடப் பெயர்களை அழகான எழுத்துருவில் எழுதி, ஒரே படமாக்கிப் பலகையின் முகத்தில் ஒட்டினேன். தொட்ட இடம் படத்தின் எந்தப் பகுதி என்று எல்எஸ்எல் சொல்லிவிடும், அதை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டேன். இது நன்றாகவே வேலை செய்கிறது. புள்ளி புள்ளியாக இருக்கிறது, வேதியியல் முழுசாக நிற்கிறது. வேகம் குறைந்த இணைப்பில் வருபவர்களுக்கு மட்டும் முதலில் சாம்பல் பலகை, அப்புறம் மங்கல், அப்புறம் எழுத்து. ஆனால் எழுத்துப் பிழை ஒன்று கண்ணில் பட்டால் படத்தை மறுபடி செய்து, மறுபடி ஏற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். வாராவாரம் மாறும் வினாக்களுக்கு இது ஆகாது. அதனால் பாடப் பட்டியலுக்குப் படம், வினாடி வினாவுக்குப் பழைய டயலாக் என்று ஒரு சமரசம்.

நேற்று உடைந்தது அந்தச் சமரசம்தான். என்னோடு சேர்ந்து வகுப்பு நடத்தும் ஆசிரியை, 'தெரியாது' என்ற பொத்தான் கொஞ்சம் முறைப்பாகத் தெரிகிறது என்று 'தெரியவில்லை' என மாற்றியிருக்கிறார். நல்ல மனசு. தெரியாது 24, தெரியவில்லை 33. வகுப்பு நடுவே பலகை ஊமையாகிவிட்டது. நான் இணைப்பில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, பலகையைப் பிரித்துப் போட்டு, நள்ளிரவு தாண்டித்தான் அந்த ஒரு சொல்லிடம் வந்து சேர்ந்தேன். அவரை நொந்து என்ன பயன்? மரியாதையாகப் பேச எனக்கு இன்னும் ஒன்பது பைட்டு வேண்டும், இந்த மொழி தராது.

சரி, கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்லதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிடம் முக்கியமே இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. முதலில் உண்மையான வகுப்பறை அளவில், மூன்று மீட்டர் உயரத்தில் கூரை போட்டேன். இந்த உலகங்களில் நம் பார்வை உருவத்தின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே மிதக்கும். ஆள் உள்ளே நுழைந்தால் பார்வை சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது. இங்கே கட்டுபவர்கள் எல்லோரும் கதவையும் கூரையையும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக்குவது இதனால்தான். நான் கூரையையே கழற்றிவிட்டேன். மழை பெய்யாத ஊரில் கூரை எதற்கு?

ஆனால் உப்புப் படிகம்! அதற்காகவே இத்தனை நாள் வாடகை கட்டினேன் என்று கூடச் சொல்லலாம். சோடியம், குளோரைடு அயனிகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஐந்துக்கு ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 125 கோளங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான்கு மீட்டர் இடைவெளி. சோடியம் ஊதா, குளோரைடு பச்சை, பச்சை கொஞ்சம் பெரிது. நிலத்துக்கு அனுமதித்த பொருள் எண்ணிக்கையில் 125-ஐ இது ஒன்றே விழுங்கிவிட்டது. பரவாயில்லை.

ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர்வகை அயனி ஆறு இருக்கும் என்பதைத் தாளில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! "எங்கே ஆறு, நாலுதானே தெரியுது" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார். இங்கே ஒரு பெண் பறந்து போய் நட்டநடுக் கோளத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, பார்வையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி எண்ணினாள். முன்னால், பின்னால், இடம், வலம், மேல். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கீழ! காலுக்குக் கீழ ஒண்ணு!" அதோடு நிற்கவில்லை. விளிம்புக்குப் பறந்து போய், மூலையில் இருக்கிற அயனிக்கு மூன்றுதானே இருக்கிறது, அப்போ அது சும்மா இருக்குமா என்று கேட்டாள். படிகத்தின் பரப்பைப் பற்றி அந்த வருடம் நான் நடத்தத் திட்டமிடாத ஒரு மணி நேரப் பாடம் அங்கே தொடங்கியது. தாளில் வரைந்த காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இன்னொருவன் உச்சி மூலைக்குப் பறந்து போய் நிதானமாக விடை தட்டச்சு செய்துகொண்டிருந்தான், ஒன்றும் வந்து சேரவில்லை. சாதாரண அரட்டை 20 மீட்டர் தூரம்தான் கேட்கும், அவன் அதைத் தாண்டிவிட்டிருந்தான். கீழே வரச் சொன்னோம். நேர் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நண்பர் கேட்காமல் விட்ட ஒன்றும் உண்டு. கட்டியது எத்தனை நாள் இருக்கும்? இதே மாதிரி மெய்நிகர் கூடங்களில், ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச் 10-ல் மூடியது. மொசில்லா ஹப்ஸ் சேவை 2024 மே 31-ல் நின்றது. செகண்ட் லைஃப் 2003 ஜூனிலிருந்து இன்றும் ஓடுகிறது. ஆனால் அங்கேயும் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த 50 சதவீதத் தள்ளுபடியை 2011 ஜனவரியோடு நிறுத்துவதாக 2010 அக்டோபரில் அறிவித்தார்கள். பல கல்லூரிகள் ஓப்பன்சிம் பக்கம் நடந்தன. 2013-ல் தள்ளுபடி திரும்பி வந்தது, போனவர்களில் பலர் வரவில்லை. ஓப்பன்சிமில் ஒரு நிலத்தை அப்படியே ஓஏஆர் என்ற ஒரே கோப்பாக இறக்கி, வேறொரு இடத்தில் ஏற்றிவிடலாம். செகண்ட் லைஃபில் நமக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் உழைத்துக் கட்டப்போகிறவர் வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கவில்லை. இப்போது என் படிகத்தின் ஆயத்தொலைகளைத் தனியாக ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன், எங்கே போனாலும் மறுபடி அடுக்கிக்கொள்ளலாம் என்று.

ஆக, நண்பருக்குப் பதில்: வேண்டாம், கட்டாதீர்கள். உப்புப் படிகத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே விநோதமாகத்தான் இருக்கிறது. என் நிலத்துக்கு இன்னும் ஒரு வருட வாடகை போன வாரம்தான் கட்டினேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் நடத்தப்போவது இயற்பியல். 27 பைட்டு. உயிரியல் ஆசிரியராக இருந்திருந்தால் இன்றைக்கே வந்து நிலம் பாருங்கள் என்றிருப்பேன்.