லிமோ போட்டோவுக்கு, பஸ் கூட்டத்துக்கு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்து ராத்திரி ஊர்சுற்றக் கிளம்பினால் லிமோ என்கிற நீட்டிக் கட்டிய சொகுசுக் கார் வேண்டாம், உள்ளே பாட்டும் விளக்கும் வைத்த பார்ட்டி பஸ்ஸை டிரைவரோடு வாடகைக்கு எடுங்கள். அதிலும் பஸ்ஸைப் பார்த்து எடுக்காதீர்கள், டிரைவரைப் பார்த்து எடுங்கள்.

எங்கள் தோழிகள் கூட்டத்தில் ஏற்பாடு என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். யாருக்காவது பிறந்தநாள், யாருக்காவது புது வேலை, யாராவது வெளிநாடு கிளம்புகிறாள் என்று ஏதாவது ஒரு சாக்கு வந்துகொண்டே இருக்கும். லிமோவிலும் போயிருக்கிறேன், பஸ்ஸிலும் போயிருக்கிறேன், இரண்டின் பில்லையும் வரி விடாமல் படித்திருக்கிறேன்.

லிமோவின் அழகெல்லாம் வெளியேதான். குனிந்து நுழைந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து நகர்ந்து உள்ளே போக வேண்டும். நீளமான உடை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் ஏறியவள் இறங்க வேண்டுமென்றால் எல்லாரும் இறங்கியாக வேண்டும். பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்து போவதால் வளைவு வந்தாலே சிலருக்கு வயிற்றைப் புரட்டும். பத்துப் பேர் வண்டி என்று சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒல்லியாகவும், கைப்பை இல்லாதவர்களாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அத்தனை நீள வண்டி குறுகலான தெருவுக்குள் திரும்பாது, பெரிய வேகத்தடையில் நடுவயிறு உரசும். அதனால் டிரைவர் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுவார், மிச்ச தூரம் ஹீல்ஸோடு நம் நடை.

இத்தனைக்கும் இந்த நீள லிமோ பிறந்தது கூட்டத்தைச் சுமக்கத்தான். 1920களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபோர்ட் ஸ்மித்தில் ஒரு பட்டறை காரை நீட்டிக் கட்ட ஆரம்பித்தபோது, அதில் ஏறியவர்களில் முக்கியமானவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய இசைக்குழுக்கள். ஆளும் வாத்தியமும் ஒரே வண்டியில் போயாக வேண்டுமே. பவுசு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

நாலே பேர், ஒரே இடம், வாசலில் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் லிமோ எடுக்கலாம். போட்டோ நன்றாக வரும், மறுக்கவில்லை.

பஸ்ஸில் நிமிர்ந்து நிற்கலாம். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், நாலு மணி நேரம் கழித்து முதுகு பதில் சொல்லும். ஆனால் எனக்குப் பஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. கூட்டமாக வெளியே போகும் ராத்திரியில் பாதி நேரம் ஆள் தேடுவதிலேயே போய்விடும். ஒருத்தி பாத்ரூமில் இருப்பாள், இரண்டு பேர் வாசலில் போன் பேசுவார்கள், இன்னொருத்தி ஏறிய டாக்ஸி வேறெங்கோ போய் நிற்கும். பஸ் இருந்தால் ‘எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்கடி’ என்று குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதும். மாற்றுச் செருப்பு, கேக் பெட்டி, பரிசுப் பை எல்லாம் அங்கேயே கிடக்கும். களைத்தவள் போய்க் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி கடைசி இரண்டு இடங்களுக்கு இறங்கவே இல்லை. அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக வீடு திரும்பியவள் அவள்தான்.

பஸ்ஸிலும் குறை உண்டு. ஸ்பீக்கரை யார் கேட்டு இத்தனை பெரிதாக வைக்கிறார்களோ, காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்காது. விட்டுவிட்டு மின்னும் விளக்கு பத்து நிமிஷத்தில் தலைவலி. இரண்டையும் குறைக்கச் சுவிட்ச் உண்டு, எங்கே என்று ஏறியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய பஸ்களில் டாய்லெட் கிடையாது. இருக்கிற பஸ்ஸிலும் நடுராத்திரிக்கு மேல் அது இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். இருபது பேர் பஸ் என்றால் பதினைந்து பேரோடு நிறுத்திக்கொண்டால்தான் கால் நீட்ட முடியும்.

இனி பணம். ரேட் மணிக்கு இவ்வளவு என்பார்கள், குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் எடுத்தாக வேண்டும் என்பார்கள். அதெல்லாம் சரி. எந்த நிமிஷத்திலிருந்து மணி ஓடுகிறது என்பதைக் கேளுங்கள். சில கம்பெனிகளில் நாம் ஏறியதிலிருந்து கணக்கு. சிலவற்றில் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து, திரும்பப் போய்ச் சேரும்வரை. ஷெட் ஊருக்கு வெளியே இருந்தால், நாம் உட்காராத பஸ்ஸுக்கு ஒரு மணி நேர வாடகை கொடுப்போம். ஓவர்டைமும் அப்படித்தான். பத்து நிமிஷம் தாண்டினால் அரை மணிக் காசா, முழு மணிக் காசா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால் அது டிரைவர் கைக்குப் போகிறதா என்று டிரைவரிடமே கேளுங்கள். நான் கேட்டேன், அவர் சிரித்தார். அப்புறம் யாராவது வாந்தி எடுத்தால் சுத்தம் செய்யத் தனிக் கட்டணம், அது லேசில் போகாது. ஏறும்போதே சீட், தரை, கண்ணாடி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய கறையை நம் கணக்கில் எழுத முடியாது.

ஒரு கம்பெனியில் பார்த்தது ஒரு பஸ், வந்தது வேறு. போட்டோவில் வெள்ளை லெதர் சீட்டும் கண்ணாடிக் கூரையும் இருந்தன. வாசலில் வந்து நின்றதில் ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது, சீட்டின் கிழிசலை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கேட்டால் ஒப்பந்தத்தில் ‘இதே அல்லது இதற்கு இணையான வண்டி’ என்ற வரியைக் காட்டினார்கள். விசாரித்தால் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பஸ்கூட இல்லை. ஆர்டரைப் பிடித்து வேறு ஆளுக்குக் கைமாற்றுகிற ஏஜென்ட். அன்றிலிருந்து வண்டி நம்பரும், வண்டிக்காரர் பெயரும், இன்ஷூரன்ஸ் நகலும் வராமல் அட்வான்ஸ் அனுப்புவதில்லை.

நான் டயரைக் குனிந்து பார்ப்பதை என் தோழிகள் கேலி செய்வார்கள். டயரின் பக்கத்தில் DOT என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். லிமோவானால் வண்டியின் வயதையும் கேளுங்கள். லிமோ என்றதும் நம் கண்ணுக்கு வரும் லிங்கன் டவுன் கார் தயாரிப்பு 2011-இலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு அந்த மாடல் வாசலுக்கு வந்தால், பழைய காரை நடுவில் வெட்டி நீட்டிய வண்டியில் ஏறுகிறோம் என்று அர்த்தம்.

கேலி செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஸ்கோஹாரியில் நடந்தது. 2018 அக்டோபர் 6, நியூயார்க் மாநிலம். பிறந்தநாள் கொண்டாடக் கிளம்பிய 17 பேர், குடித்துவிட்டு யாரும் ஓட்ட வேண்டாம் என்று பொறுப்பாக யோசித்து ஒரு லிமோவை வாடகைக்கு எடுத்தார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அவர்கள், டிரைவர், வெளியே நின்றிருந்த இருவர் என 20 பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சோதனையில் அந்த வண்டி ஓடக்கூடாது என்று நிறுத்தப்பட்டிருந்தது. அந்த மாதிரி வண்டி ஓட்டுவதற்கான லைசென்ஸும் டிரைவரிடம் இல்லை. 2013-இல் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ பாலத்தில் ஒரு லிமோ தீப்பிடித்தபோது உள்ளே இருந்த ஒன்பது பெண்களில் ஐந்து பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அவசர வழி இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். எனவே ஏறியதும் அவசர வழி எங்கே, எப்படித் திறப்பது என்று பாருங்கள். பாட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக நாங்கள் எடுத்த பஸ்ஸின் டிரைவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். போக வேண்டிய இடங்களின் வரிசையைக் கேட்டு, இரண்டை மாற்றிப் போட்டால் நெரிசலில் சிக்காமல் போகலாம் என்றார். போனோம், சிக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணினார். எல்லாரும் உட்கார்ந்து பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தவே மாட்டேன் என்றுவிட்டார்.

“ஏண்டி, இவர் என்ன ஸ்கூல் பஸ்ஸா ஓட்டறார்?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“ஸ்கூல் பிள்ளைங்க சொன்னா கேக்கும் மேடம்” என்றார் அவர், திரும்பாமல்.

ஓடும்போது ஆடத்தானே பார்ட்டி பஸ் என்பீர்கள். நிறுத்திய இடத்தில் ஆடினோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை. பஸ் என்னவோ சுமார்தான், ஏசி பின்பக்கம் எட்டவே இல்லை. இருந்தாலும் அடுத்த முறை அவரைக் கேட்டுத்தான் புக் செய்வேன். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தால் அந்தக் கம்பெனியில்.