மேட்பிளாட்லிப்பில் அச்சு எண்களை மாற்றுவது: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

காரைக்குடியில் மின்வேதியியல் சோதனைத் தரவுகளை வரைபடமாக்குவது என் அன்றாட வேலை. பைத்தான் நிரல்மொழியும், அதில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் நூலகமும்தான் கருவி. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு விற்பனைக் கணக்கையும் இதிலேயே வரைந்து கொடுக்கிறேன். இரண்டிலும் கோடு போடுவது நொடியில் முடிந்துவிடும். அச்சில் நிற்கும் எண்ணைப் படிக்கிறவருக்குப் புரிகிற அளவுக்குக் கொண்டுவருவதுதான் நேரம் பிடிக்கும்.

எண் பத்து லட்சத்தைத் தொட்டதும் மேட்பிளாட்லிப் தானாகவே அச்சின் உச்சியில் 1ஈ6 (1e6, அதாவது பத்து லட்சத்தால் பெருக்கிக்கொள்) என்று ஒரு குறிப்பை வைத்துவிட்டு, பக்கத்தில் 1.0, 1.2, 1.4 என்று எழுதிவிடும். சித்தப்பா அதைப் பார்த்து, "என்னப்பா, வித்ததெல்லாம் ஒண்ணரை ரூபாங்கிற மாதிரி போட்டிருக்க?" என்றார். நியாயமான கேள்வி. இங்கே எல்லோரும் லட்சத்தில்தான் பேசுகிறோம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்றுதான் ஊரே சொல்கிறது. ஒன்றரை மில்லியன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதற்கு, அச்சு எண்ணை நாம் சொல்கிறபடி எழுதும் ஃபங்க்ஃபார்மேட்டர் (FuncFormatter) போதும். எண்ணை வாங்கி 1,00,000-ஆல் வகுத்துத் திருப்பித் தரும் ஒரு சின்னச் சார்பை (function) எழுதி அச்சிடம் கொடுத்தால் முடிந்தது. 2020-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து சார்பை நேரடியாகவே கொடுக்கலாம். தரவு அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் மாறும். அதனால் அச்சின் எல்லையை வைக்கும்போதும், இலக்குக் கோடு போடும்போதும் 5 என்று கொடுக்கக் கூடாது, 5,00,000 என்றே கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த வழி பத்தின் அடுக்குகளுக்குத்தான் சரி. அச்சில் எந்தெந்த இடத்தில் குறி வைப்பது என்பதை மேட்பிளாட்லிப் பழைய அலகிலேயே முடிவு செய்கிறது. லட்சம், கோடி, மில்லி ஆம்பியர் என்றால் வகுத்த பிறகும் எண் முழுசாக நிற்கும். பேட்டரிச் சோதனையில் நேரம் நொடியில் வரும். அதை எழுத்தில் மட்டும் மணியாக மாற்றினால் 5,000 நொடி இருந்த இடத்தில் 1.39 என்றும், 10,000 இருந்த இடத்தில் 2.78 என்றும் வந்து நிற்கும். அப்படி ஒரு அச்சை யாரால் படிக்க முடியும்? மின்னோட்டத்தை மின்வாயின் (எலக்ட்ரோடு) பரப்பால் வகுக்கும்போதும் இதே கதைதான். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்வாயின் பரப்பு 0.0707 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லி ஆம்பியர் அங்கே 14.14 ஆகிவிடும்.

இந்த மாதிரி இடங்களில் தரவையே மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். தரவு அட்டவணையின் பழைய நெடுவரிசையைத் தொடாமல், அலகைப் பெயரிலேயே சேர்த்து ஒரு புது நெடுவரிசையை உண்டாக்கி அதை வரைவேன். நேரம், கணினி வழக்கப்படி 1970-லிருந்து எண்ணிய நொடிகளாக வந்தால் முதல் மதிப்பைக் கழித்துவிட்டு 3,600-ஆல் வகுக்கிறேன். அப்புறம் அச்சின் ஓரத்தில் வரும் அந்தக் கூட்டல் குறியிட்ட பெரிய எண்ணும் தானாகவே போய்விடும்.

இரண்டு அலகும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் 2019-இல் 3.1 பதிப்போடு வந்த செகண்டரி ஆக்சிஸ், அதாவது எதிர்ப்பக்கத்தில் போடும் இரண்டாவது அச்சு, அருமையான வசதி. போகும் கணக்கு ஒன்று, திரும்பும் கணக்கு ஒன்று என இரண்டு சார்புகள் கொடுத்தால், அந்த அச்சு தனக்கான முழு எண்களைத் தானே தேர்ந்துகொள்கிறது. மின்னழுத்தத்தை எதை ஒப்பிட்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்த மின்னழுத்தத்தை, மீள் ஹைட்ரஜன் மின்வாய் (RHE) என்ற இன்னொரு ஒப்பீட்டு அளவுக்கு மாற்ற, பிஎச் 7-இல் சுமார் 0.61 வோல்ட் கூட்ட வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டையும் காட்டிவிடலாம். பட்டறைக்கும் இது உதவுகிறது. எட்டு அங்குலக் கல் ஒன்பது சேர்ந்தால் நான்கு சதுர அடி. ஒரு பக்கம் சதுர அடி, மறுபக்கம் கல்லின் எண்ணிக்கை என்று போட்டுக் கொடுத்ததும் சித்தப்பா வேறு எதுவும் கேட்கவில்லை.

மின்மறுப்பின் (impedance) இரண்டு கூறுகளை இரண்டு அச்சில் வைத்து வரையும் நைக்விஸ்ட் படத்தில் மட்டும் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் கட்டாயம். விட்டால் அரைவட்டம் நசுங்கித் தெரியும், பார்க்கிறவர் பொருளையே தப்பாக எடைபோடுவார். அச்சுகளின் விகிதத்தை வைக்கும் செட் ஆஸ்பெக்ட் (set_aspect) கட்டளையில் ஈக்வல் (equal) என்று கொடுத்தே ஆக வேண்டும்.

குறை என்று சொன்னால் இரண்டு. காற்புள்ளி 1,234,567 என்ற முறையில்தான் எளிதாகக் கிடைக்கிறது. 12,34,567 என்று வரவழைக்கத் தனிச் சார்பு எழுதி வைத்திருக்கிறேன். பெரிய வருத்தம் தமிழ் எழுத்து. இயல்பான எழுத்துருவில் வெறும் கட்டம்தான் வரும். தமிழ் எழுத்துரு கொடுத்தாலும், நான் பயன்படுத்திய பதிப்புகளில் லட்சம் ஒருவாறு வந்துவிடுகிறது, கோடியில் இரட்டைக்கொம்பு இடம் மாறி விழுகிறது. அதனால் படத்தை எஸ்விஜி (SVG) என்ற படக்கோப்பாக, எழுத்தை எழுத்தாகவே வைக்கச் சொல்லிச் சேமித்து உலாவியில் திறக்கிறேன். அங்கே கோடி சரியாக வருகிறது.