வாய் தவறுவது வேறு, வாயைக் கொடுத்து மாட்டுவது வேறு: ஒரு மரபுத்தொடர் ஆப்

சப்டைட்டில் எழுதுவது என் தொழில். ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் ஒரு ஆப்பை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் உச்சரிப்புக்கும் தேடும் வேகத்துக்கும்தான்.

'ஸ்லிப் ஆஃப் தி டங்' என்று தேடினால் 'நாக்கின் வழுக்கல்' என்று வருகிறது. யார் இப்படிப் பேசுகிறார்கள்? 'வாய் தவறி வந்துடுச்சு' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதுதானே அது. போதாக்குறைக்கு, அதிலுள்ள வினாடி வினாவில் 'வாய் தவறி' என்பதைத் தட்டினேன். திரை சிவந்து, 'தவறான விடை' என்றது.

இதைவிடப் பெரிய கோளாறு, 'ஃபுட் இன் மவுத்' (வாயில் கால்) தொடரையும் அதே பொருளில் போட்டிருப்பது. எடுத்துக்காட்டாக, எட்டு என்பதற்குப் பதில் ஏழு என்று சொன்ன ஒருவர். இல்லவே இல்லை! நினைத்தது எட்டு, வந்தது ஏழு என்றால் அது வாய் தவறியது. 'ஃபுட் இன் மவுத்'தில் நினைத்ததைத்தான் சொல்கிறோம், சொன்ன இடம்தான் வினை. 'பழைய மேனேஜர் இருந்தவரைக்கும் வேலை ஒழுங்கா நடந்தது' என்று நான் ஒருமுறை ஆன்லைன் மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். புது மேனேஜர் கேமராவை அணைத்துவிட்டு அதே மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தார். வாய் தவறிவிட்டது என்று சமாளிக்கவும் வழியில்லை, ஒரு எழுத்துகூடத் தவறவில்லையே. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

'ஃபிராய்டியன் ஸ்லிப்' என்பதற்கு 'உளவியல் சொல்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டு 1901இல் எழுதியதில் ஒரு சம்பவம் வரும்: ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்ததாக அறிவித்துவிட்டார். எப்போதடா முடியும் என்ற நினைப்பு உள்ளே ஓடியிருக்கிறது, அதுவே வாயில் வந்துவிட்டது என்பது ஃபிராய்டின் விளக்கம். இதைப் போட்டிருந்தால் ஒரு தடவை படித்ததும் பதிந்திருக்கும்.

ஸ்பூனரிசம் பக்கம் மட்டும் அருமை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்பூனர் (1844–1930) பெயரால் வந்த சொல், முதல் ஒலிகள் இடம் மாறுவது. 'மாடிப்படி' என்பது 'பாடிமடி' ஆவதைக் காட்டியிருக்கிறார்கள். இதை எழுதியவரிடமே மற்றதையும் கொடுத்திருக்கலாம்.

திருத்தச் சொல்லி எழுதினேன். 'நன்றி' என்று பதில் வந்தது. நேற்று அப்டேட் செய்து பார்த்தேன், அந்த ஏழும் எட்டும் அப்படியே இருக்கின்றன.