வன்னி வெயிலுக்கு எந்த பிளாஷ் ட்ரிகர்?

கமராவின் தலையில் பிளாஷைச் செருகி நேரே அடித்தால் மணமகளின் முகம் தட்டையாகி, நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். அதே பிளாஷைக் குடையோடு ஒரு தாங்கியில் ஏற்றிப் பக்கவாட்டில் நிறுத்தினால் கூறைச்சேலையின் சரிகை இழை இழையாகத் தெரியும். கலியாணவீட்டுப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் அறிந்த விடயம் இது. தள்ளி நிற்கும் அந்தப் பிளாஷுக்கு, எரிய வேண்டிய கணத்தைக் கமரா எந்த வழியால் தெரிவிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. வயர், ஒளி உணரி, எரிய மட்டும் வைக்கும் ரேடியோ ட்ரிகர், வலுவையும் மாற்றும் டிரான்ஸ்மிட்டர் ஆகிய நான்கையும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பந்தல்களிலும் குளக்கட்டுகளிலும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற அளவில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பற்றரி தேவையில்லை, விலையும் குறைவு, தவறுவதும் அரிது. ஆனால் சிறுவர்கள் ஓடித் திரியும் முற்றத்தில் தரையோடு கிடக்கும் வயர் ஒருவரின் காலையாவது இடறும். பிளாஷும் தாங்கியோடு சரியும். ஸ்டூடியோ அறைக்குள் அடையாள அட்டைப் படம் எடுப்பவருக்கு அது போதும்.

ஒளி உணரி பெரும்பாலான பிளாஷ்களில் ஏற்கெனவே இருப்பதால் அதற்கென்று தனியாகச் செலவு இல்லை. எஸ்1 நிலையில் வைத்தால் வேறொரு பிளாஷின் முதல் மின்னலைக் கண்டவுடன் எரியும். எஸ்2 நிலையில், அளவு பார்ப்பதற்காகக் கமரா அனுப்பும் முன்மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு எரியும். வெள்ளை பூசிய அறைக்குள் ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதால் இம்முறை நன்றாகவே வேலை செய்கிறது. வெளியே வந்தால், வெயில் நேராக உணரியில் விழும்போது சில மீற்றர் தூரத்திலேயே அதற்குக் கண் தெரியாமல் போகும்.

அதைவிடப் பெரிய குறை, அது எவருடைய மின்னலுக்கும் கீழ்ப்படிவது. புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டுக் கலியாணத்தில் எஸ்1 நிலையில் பிளாஷை முழு வலுவில் நிறுத்தியிருந்தேன். கெட்டிமேளம் முழங்கிய கணத்தில் மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் தம்முடைய சிறிய கமராவால் ஒரு படம் எடுக்க, என் பிளாஷ் அவருக்காக எரிந்துவிட்டு, மறுபடி மின்னேற இரண்டு மூன்று விநாடிகள் எடுத்துக்கொண்டது. அன்றைய தாலிப் படத்தில், என் கமராவில் இருந்த சிறு பிளாஷ் தொட்ட ஐயரின் வேட்டி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

ரேடியோ ட்ரிகர் இந்த இரண்டு குறைகளையும் ஒரேயடியாகத் தீர்க்கிறது. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் வெயிலோ சுவரோ அவற்றை எளிதில் மறிப்பதில்லை. சனல் எண் பொருந்தாத வேறு ட்ரிகருக்கும் அவை எரிவதில்லை. யொங்னுவோ நிறுவனத்தின் ஆர்.எஃப் 603 போன்ற எளிய ட்ரிகர் பெரும்பாலான நிறுவனங்களின் பிளாஷ்களை எரியவைக்கும். ஆனால் எரியவைப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. வெளிச்சம் கூடிவிட்டால், “அன்ரி, கொஞ்சம் விலத்துங்கோ” என்று சனத்துக்குள் நுழைந்து தாங்கியடிக்குப் போய், பிளாஷை இறக்கி, பொத்தானை அழுத்தி, திரும்பி வருவதற்குள் மாலை மாற்றி முடிந்திருக்கும்.

ஆகவே உண்மையான போட்டி வலுவையும் மாற்றும் டிரான்ஸ்மிட்டர்களுக்கு இடையில்தான். யொங்னுவோவின் வை.என். 560 டி.எக்ஸ், அதே வரிசையின் மூன்றாம், நான்காம் பதிப்புப் பிளாஷ்களின் வலுவை நின்ற இடத்திலிருந்தே முழுமையிலிருந்து 1/128 வரை மாற்றித் தரும். மண்டபத்துக்குள் மட்டும் வேலை செய்பவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நம்முடைய தொழிலோ மண்டபத்தோடு முடிவதில்லை. இரணைமடுக் குளக்கட்டில் மணமக்களை நிறுத்தி வெயிலில் எடுக்கும் படங்களைத்தான் ஆல்பத்தின் முதற்பக்கத்துக்குக் கேட்கிறார்கள். நல்ல வெயிலில் ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ 100, லென்ஸின் துவாரம் எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 விநாடி என்பது பழைய கணக்கு. பின்னால் தெரியும் பற்றைகளை மங்கச்செய்யத் துவாரத்தை எஃப் 2.8க்குத் திறந்தால் அது 1/3200 ஆகிவிடும். பல கமராக்களில் சாதாரண பிளாஷ் ஒத்திசைவு, அதாவது ஷட்டரும் பிளாஷும் பொருந்தி இயங்கும் வேகம், 1/200, 1/250 அளவோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போனால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும்.

இந்த இடத்தில் அதிவேக ஒத்திசைவு வசதியுள்ள, கோடொக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்புரோ டிரான்ஸ்மிட்டர் முந்திக்கொள்கிறது. ஷட்டரின் இரு திரைகளுக்கு இடையிலான பிளவு நகர்ந்து முடியும்வரை பிளாஷைத் தொடர்ச்சியான சிறு துடிப்புகளாக எரியவைப்பதே அந்த வசதி. வலுவில் பெரும்பகுதி அதற்குப் பலியாவதால் பிளாஷை ஒன்றரை மீற்றர் அளவுக்கு நெருக்கி வைக்கவோ இரண்டைச் சேர்த்து அடிக்கவோ வேண்டிவரும். அவ்வாறு வாங்கும் பிளாஷ் விலை கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை: அதே நிறுவனத்தின் டிடி600 பிளாஷில் தன்னியக்க ஒளியளவான டி.டி.எல் இல்லாவிட்டாலும், எக்ஸ்புரோவின் கட்டளையில் அதிவேக ஒத்திசைவு வேலை செய்யும். டிரான்ஸ்மிட்டரை மட்டும் உங்கள் கமராவின் நிறுவனத்துக்கு உரிய வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

டி.டி.எல் இல்லாதது குறை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைப் பட்டுவேட்டி படத்தை நிறைக்கும்போது டி.டி.எல் வெளிச்சத்தைக் குறைக்கும், கருஞ்சிவப்புக் கூறை நிறைக்கும்போது கூட்டும். ஒரே மணவறையில் எடுத்த பத்துப் படங்களும் பத்து விதமாக வரும். தாங்கி அசையாமல் நிற்கும் இடத்தில் கையால் வைத்த வலுவே நம்பத்தக்கது. மணமக்களின் பின்னால் நடந்துகொண்டே எடுப்பவருக்கு டி.டி.எல் உதவும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மனித உடல் உறிஞ்சும் என்பதால், நெரிசலான பந்தலில் பிளாஷ் சனத்தின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். எக்ஸ்புரோவில் 1 முதல் 100 மீற்றர், 0 முதல் 30 மீற்றர் என்று இரு தூர நிலைகள் உண்டு. மணமகளின் அறைக்குள் இரண்டடி தள்ளி வைத்த பிளாஷ் எரிய மறுத்தால் பழுது என்று முடிவுகட்டாமல் இரண்டாவது நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

பின்னர் வந்த கோடொக்ஸ் எக்ஸ்3 சிறியது, தொடுதிரை உள்ளது, அழகானது. ஆனால் அதன் பற்றரி உள்ளேயே இருப்பதால், இறங்கிவிட்டால் மின்னேற்றும்வரை காத்திருக்க வேண்டும். எக்ஸ்புரோவுக்கு வேண்டியது இரண்டு ஏஏ பற்றரிகள். மாங்குளத்துச் சந்திக் கடையிலும் அவற்றை வாங்கலாம். அதனால் என் பையில் ஒரு எக்ஸ்புரோவும் இரண்டு டிடி600களும் இருக்கின்றன. எஸ்1 நிலையை இன்னும் சில வேளைகளில் பயன்படுத்துகிறேன், உறவினர்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போன பிறகு.