டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் அடியில் இருந்தது தெரிந்தது

மே மாதம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமனார் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். திடீரென்று தீபாவளி வெடி போல ஒரு சத்தம். சமையலறையிலிருந்து ஓடி வந்து பார்த்தால், கூடத்தின் நடுவில் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓட்டுக் கூரையின் முகடு போல எழும்பி நிற்கின்றன. அடுத்த அரை மணி நேரத்தில் அதே வரிசையில் இன்னும் நான்கு எழும்பின. மாமனாரின் கால் அங்கிருந்து இரண்டடி தள்ளித்தான் இருந்தது. பதித்துப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன.

புதிதாகத் தரை போடுகிறவர்கள் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதவில்லை.

கூடமும் இரண்டு படுக்கையறைகளும் சேர்ந்து 640 சதுர அடி. 2 அடிக்கு 4 அடி விட்ரிஃபைட் டைல்ஸை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். பதிக்கும் வேலையும் ஒட்டும் பொருள் வாங்குவதும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. முதல் நாள் வந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, இந்த டைல்ஸ் தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் நாளைக்குக் கழன்று வரும். பசையில்தான் பதிக்க வேண்டும். பதினாறு பை ஆகும்." அவர் சொன்னது முழு உண்மை. பழைய செராமிக் டைல்ஸின் முதுகில் நுண்துளைகள் நிறைய உண்டு. சிமெண்ட் பாலை உறிஞ்சி, அந்தத் துளைகளுக்குள் சிமெண்ட் இறுகிப் பற்றிக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம் தண்ணீர்கூட உறிஞ்சாது. வெறும் சிமெண்டுக்கு அங்கே பிடிப்பே கிடையாது. பாலிமர் கலந்த பசை அந்த வழுவழுப்பிலும் ஒட்டும்.

இவ்வளவும் தெரிந்தவர்தான் அவர். தெரியாமல் செய்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். பதினாறு பைக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

எழும்பிய டைல்ஸை எடுத்துப் பார்த்தபோது முதுகு கழுவி வைத்த தட்டு போல இருந்தது. தயாரித்தவர்கள் பின்புறம் அச்சிட்ட கட்டங்கள்கூட அழியவில்லை. கீழே ஒன்றரை அங்குலத்துக்கு ஈரப்பதமாகப் பரப்பிய கலவை, அதன் மேல் சிமெண்ட் பால் ஊற்றிய சாம்பல் படலம். பசையின் சுவடே கூடத்தில் இல்லை.

படுக்கையறையில் பசை இருந்தது. ஆனால் எப்படி? ஒவ்வொரு டைல்ஸுக்கும் நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று. மற்ற இடமெல்லாம் வெற்றிடம். உருண்டை வைத்து அழுத்தினால் மட்டம் சட்டென்று கிடைத்துவிடும், பசையும் மிச்சமாகும். அந்த வெற்றிடத்தின் மேல் பீரோவின் கால் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு டைல்ஸ் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது அப்படித்தான்.

எத்தனை பை வாங்கினார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. வேலை தொடங்கிய அன்று என் மகள் வாசலில் சைக்கிள் ஓட்டுவதைப் படம் எடுத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் பசைப் பைகள் அடுக்கியிருந்தன. எண்ணினால் ஆறு. கேட்டதற்கு, "மறுநாள் பத்து வந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்றார். பையில் இருந்த பெயரை வைத்துக் கடையைத் தேடிப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், கணக்கைப் புரட்டிக் காட்டினார். எங்கள் முகவரிக்குப் போனது ஆறே பைதான்.

கணக்கு கடினமானது இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு நான்கரை கிலோ பசை பிடிக்கும். 20 கிலோ பை ஏறக்குறைய 48 சதுர அடிக்கு வரும். 640 சதுர அடிக்குப் பதினான்கு பை. இவ்வளவு பெரிய டைல்ஸுக்கு முதுகிலும் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும் என்பதால் பதினாறு. அவர் கேட்ட எண்ணிக்கை சரியானதுதான். வெறும் பைகளை ஓர் ஓரமாகப் போட்டு வைக்கச் சொல்லி மாலையில் எண்ணியிருந்தால் இரண்டாம் நாளே பிடிபட்டிருக்கும்.

இன்னொரு பிழை என் மேலும் உண்டு. மாமனார் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். பாறையைத் தட்டியே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லும் காது அவருக்கு. பதித்த பதினோராம் நாள் கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பானையைத் தட்டுவது போலக் கேட்கிறதே" என்றார். ஒப்பந்தக்காரர், "ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் ஐயா" என்றார். நான் அவரை நம்பினேன், பெரியவரை நம்பவில்லை. மீதிப் பணத்தை அன்றே கொடுத்தும்விட்டேன். காய்ந்து சரியாகிற வெற்றொலி எதுவும் கிடையாது. அடியில் காற்று இருந்தால் இருந்ததுதான்.

ஏன் வெடி போலச் சத்தம் கேட்டது என்று பலர் கேட்கிறார்கள். டைல்ஸுக்கு நடுவே அவர் இடைவெளியே விடவில்லை. "ஒட்டிப் போட்டால்தான் அழகு" என்றார். சுவரோரத்திலும் முட்ட முட்டப் பதித்துவிட்டார். கான்கிரீட் தளம் காயக் காயக் கொஞ்சம் சுருங்கும். சேலத்து மே மாதச் சூட்டில் டைல்ஸ் கொஞ்சம் விரியும். எங்கள் கூடத்தின் நீளத்துக்கு அந்த விரிவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் போக இடமில்லை, கீழே பிடிப்பும் இல்லை. நெருக்கடி தாங்காமல் மேலே எழும்பிவிட்டது. டைல்ஸுக்கு நடுவே இடைவெளிக்காகச் செருகும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசரும், சுவரோரம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியும் விட்டிருந்தால் போதும். சுவரோர இடைவெளி, சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குக் கீழே மறைந்துவிடும், அழகும் கெடாது.

வாசல் படியும் சுற்றுச்சுவரும் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சுக்கு பி சாண்ட் (பூச்சு வேலைக்கென்று கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணல்) என்று சொல்லி இறக்கியது கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது மிஞ்சும் தூள். கையில் எடுத்துத் தேய்த்தால் மாவு போல ஒட்டியது. கண்ணாடிப் பாட்டிலில் அந்த மண்ணும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்திருந்தால், மேலே படியும் தூள் அடுக்கே காட்டிக் கொடுத்திருக்கும். சிமெண்ட் மூட்டையில் கட்டி தட்டியிருந்தது. அதைச் சல்லடையில் சலித்துப் போட்டார்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி ஏற்கெனவே இறுகிப்போன சிமெண்ட். அப்படிப்பட்ட மூட்டையைச் சலித்தால் வருவதும் பாதி பலம் போனதுதான். மூட்டையின் மேல் எந்த வாரம், எந்த ஆண்டு நிரப்பியது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். தேநீருக்குப் போய்விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் தெளித்து இளக்கிப் பூசியதையும் பார்த்தேன். அது தவறு என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பூச்சு இப்போது நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது.

கலவையில் சிமெண்டைக் கூட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். என் அண்ணன் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவர். அதன் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கெட்டிக் கலவையால் அடைத்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். இந்தக் கெட்டிக் கலவை வெளியே போகிற வழியை மூடிவிட்டது. மலைப் பனியும் மழையும் இறங்கிய ஈரம் வீட்டுக்குள் திரும்பி, உட்பூச்சு பாளம் பாளமாக உரிந்தது. சுவருக்கு எது பொருந்துமோ அந்தச் சாந்துதான் வேண்டும். இதை அண்ணனிடம் சொல்லி அழாத குறையாக ஆதங்கப்பட்டேன்.

கூடத்தை மறுபடி பதித்துக் கொடுத்தவர் வேறொரு மேஸ்திரி. அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய படலத்தைக் கொத்தி எடுத்து, தரையை மட்டப்படுத்தி, ஒரு வாரம் தண்ணீர் விட்டு, பிறகு காய வைத்தார். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குழாய் வாயெல்லாம் வெள்ளை படியும். அதைத் தொடாமல் மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொன்னார். பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணையும், எந்த வகை என்பதையும் எனக்குக் காட்டினார். வகை ஒன்று சாதாரண செராமிக் டைல்ஸுக்கு. எங்கள் டைல்ஸுக்கு இரண்டோ அதற்கு மேலோ வேண்டும் என்றார். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பசைத்தூள். கலக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கினார். ஒரு டைல்ஸ் அளவுக்கு மட்டும் பரப்பி, பல் வைத்த கரணையால் ஒரே திசையில் வரி வரியாக இழுத்தார். டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சு. வைத்து அழுத்தி ரப்பர் சுத்தியலால் தட்டிய பிறகு, நான் கேட்காமலேயே ஒன்றைத் தூக்கிக் காட்டினார். முதுகு முழுவதும் பசை பிடித்திருந்தது. பரப்பிய பசையை விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஏடு படிந்திருந்தால் சுரண்டி எறிந்துவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அவர் கூலி அதிகம்தான். ஆனால் கடைசித் தவணையை, மாமனார் கைத்தடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

பழைய ஒப்பந்தக்காரரோடு நாங்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கையில் இருந்தது பணம் அனுப்பிய விவரம், மகளின் படம், கடைக்காரரின் கணக்குப் பிரதி, பெயர்த்த டைல்ஸின் முதுகைக் காட்டும் படங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்தோம். அவர் பதில் சொல்லவில்லை, அதனால் ஆணையத்துக்குப் போனோம். உங்கள் ஒப்பந்தத்தில் பசையின் வகை, பைகளின் எண்ணிக்கை, ஸ்பேசர் அளவு, தட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

படுக்கையறையில் வெற்றொலி கேட்கும் டைல்ஸ் பத்தொன்பது. மாமனார் சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். மாமியாரின் கட்டிலை அவற்றின் மேலிருந்து நகர்த்திவிட்டோம். கையில் பணம் சேர்ந்ததும் அவற்றையும் பெயர்க்கப் போகிறோம்.